பிரித்துப் பார்க்காத துணி

திருப்பதி
9 ஆகஸ்ட் 2024

பிரேமலதா அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போவதில்லை. இங்கே நலம் இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் எனக்கு இல்லை.

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று என்னைக் கட்டிய உங்கள் தம்பியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நானே சொல்கிறேன். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன். அறுபது நாளும் அப்படித்தான் போயின. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. துணிமணி எடுக்க அவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகளுக்குப் பித்தக் குழாய் அடைத்துப்போயிருக்கிறது. கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கி, அந்தக் கல்லீரலையே கெடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கிராம நர்ஸ், பதினாறு வருஷ சர்வீஸ். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அறுபது நாளுக்குள் வந்திருந்தால் நல்லது என்றார் இங்குள்ள பெரிய டாக்டர். ஓட்டு எண்ணிய அன்று பிறந்தவள் அவள். நாங்கள் வந்து சேர்ந்தது அறுபத்து நான்காம் நாள்.

இருபதாம் நாளே உங்களிடம் சொன்னேன். "அண்ணி, கண்ணு இன்னும் மஞ்சளா இருக்குது. ஆய் வெளுப்பா போவுது." நீங்கள் குழந்தையை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. "பொறந்த கொழந்தைக்கு மஞ்சள் வராம இன்னா வரும்? காலைல வெயில்ல காட்டு. நான் எத்தினி கொழந்தைங்கள பாத்துக்கினு இருக்கறேன்" என்றீர்கள். காட்டினேன். என் முதுகு கருத்ததுதான் மிச்சம்.

நாற்பத்தாறாம் நாள், தடுப்பூசி போட உங்கள் சென்டருக்கு வந்தேன். அன்று காலை அவள் ஆய் போன துணியை அலசாமல், கவரில் மடித்து எடுத்து வந்து உங்கள் கையிலேயே கொடுத்தேன். அரைத்த அரிசி மாவைத் தடவி வைத்தது போல இருந்தது. "ரஷ் கொறையட்டும், பாக்கறேன்" என்றீர்கள். சாயங்காலம் போன் செய்து, "பாத்தேன், ஒண்ணும் இல்ல. நெட்ல கண்டதப் படிச்சிக்கினு பாலக் கெடுத்துக்காதே" என்றீர்கள்.

உங்கள் தம்பியிடம் அழுதேன். "அக்காவே சொல்லிட்டா. அப்புறம் இன்னா?" என்றார். "எங்க பிரேமாவ விட நீ பெரிய டாக்டரா?" என்று உங்கள் அம்மா கேட்டார்கள்.

அறுபத்திரண்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன். அங்கே குழந்தை டாக்டர் துணியை ஒரு விநாடி பார்த்தார். ஒரே விநாடி. "எந்துக்கம்மா இன்னி ரோஜுலு ஆகாரு?" என்று கேட்டார். ஏன் இத்தனை நாள் நின்றேன்?

அம்மா இல்லாதவள் நான். பத்தியச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டது உங்கள் வீடு. அந்த நன்றிக்கு வாயை மூடிக்கொண்டேன். அதன் விலையை என் மகள் கொடுக்கிறாள்.

யாமினி


புளியங்கொல்லை, குடிபாலா மண்டலம்
11 ஆகஸ்ட்

யாமினிக்கு,

தம்பி ஹேமா உன் கடிதத்தைத் தெருவில் வைத்துக் கொடுத்தான். தெருவில் நின்றே படித்தேன். நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து நைனா சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்ற எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. நாற்பத்தாறாம் நாள் மூன்று கிலோ தொள்ளாயிரம். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள். எடை இப்படி ஏறுகிற குழந்தையைப் பார்த்து எந்த நர்ஸ் பயப்படுவாள்? மஞ்சள் கண்ட குழந்தைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாம் தானாகச் சரியானவை. உன் மகளுக்கு வந்தது பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வருவதாம். எங்கள் மெடிக்கல் ஆபீசரே ஒரு கேஸும் பார்த்ததில்லை என்கிறார். டாக்டர் பார்க்காததை நான் பார்த்திருக்க வேண்டுமா?

நீ 'வெளுப்பு' என்றுதான் சொன்னாய். வெள்ளை என்று சொல்லவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நம் ஜனத்தில் முதல் அரசாங்க வேலை என்னுடையது. நைனா கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல்தெருக் கிருஷ்ணம்மா வீட்டுக்குக் குழந்தையை எடை போடப் போனேன். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேலைக்காரி கையில் குழந்தையைக் கொடுத்தனுப்பினார்கள். இன்று அதே வீட்டில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். அதற்கு எனக்குப் பதினாறு வருஷம் ஆனது. நீ அதை ஒரு காகிதத்தில் பிடுங்கிவிட்டாய். ஹேமா தன் வருத்தத்தை டீக்கடையில் போய்க் கொட்டியிருக்கிறான். நேற்றுக் குழாயடியில் பேசுகிறார்கள்: "நர்ஸம்மா வீட்டுக் கொழந்த நோவே அவளுக்குத் தெரியலியாம்."

நான் கொலைகாரி இல்லை. அவள் என் தம்பி மகள். புதன்கிழமை ஆபரேஷன் என்றான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், வருகிறேன். கதவை மறிக்காதே.

பிரேமலதா


திருப்பதி
12 ஆகஸ்ட்

அண்ணி,

வராதீர்கள்.

எடையைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் முதல் இரண்டு மாதம் குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும், அதனால்தான் ஏமாந்து போகிறார்கள் என்றார். உங்கள் கடிதத்தில் உங்கள் நாற்காலிக்குக் கிடைத்த இடம் என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

நாளை மறுநாள் வயிற்றைத் திறப்பார்கள். குழாய் இல்லாத இடத்தில் குடலையே மேலே இழுத்துக் கல்லீரலோடு தைப்பார்கள். பித்தம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் காகிதத்தை உங்கள் தம்பி என் பக்கம் தள்ளினார். நான் போட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் துணி. 'பாத்தேன், ஒண்ணும் இல்ல' என்றீர்கள். பார்த்தீர்களா? பார்த்தும் தெரியாமல் போயிருந்தால், தெரியவில்லை என்று என் மனதுக்குச் சொல்லிக்கொள்வேன். ஆமாம் அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

யாமினி


புளியங்கொல்லை
16 ஆகஸ்ட்

யாமினி,

இல்லை.

அதற்கு மேல் வேண்டாம் என்றாய். என்னால் நிறுத்த முடியவில்லை. கிழித்துப் போட்டாலும் போடு.

அன்றைக்கு இருபத்தேழு குழந்தைகள். குழந்தைகள் விவரத்தை ஏற்றுகிற டேப் வேலை செய்யவில்லை. பதிவு ஏறவில்லை என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். உன் கவர் மேஜைக்கு அடியில் கிடந்தது. சாயங்காலம் மருந்துப் பெட்டியைக் கட்டும்போது கண்ணில் பட்டது. கையில் எடுத்தேன். பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் மறக்கவில்லை. பிரித்து, அது வெள்ளையாக இருந்துவிட்டால், இருபதாம் நாள் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். டிகிரி படித்த தம்பி பெண்டாட்டி முன்னால் தப்பு. அதனால் பிரிக்கவில்லை. அப்படியே குப்பையில் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போனால் கண், தோல், மூத்திரம், மலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிய வேண்டும். மற்ற வீடுகளில் கேட்பேன். நம் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தேன், எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். நம் வீடுதானே என்று.

எனக்கும் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் கண்ணைத் தினமும் பார்த்தது நான் இல்லை. ஹேமா பார்த்தான். அம்மா பார்த்தாள். எல்லோரும் தங்கள் கண்ணைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கடிதம் மட்டும் எனக்கு வருகிறது. ஹேமாவுக்கு ஒன்று எழுதினாயா?

புதன்கிழமை வந்தேன். உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே பழக்கடை ஓரம் எட்டு மணியிலிருந்து நின்றேன். இரண்டு மணிக்கு ஹேமா வெளியே வந்து தண்ணீர் பாட்டில் வாங்கினான். அவன் முகத்தைப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கூப்பிடவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

பிரேமா


திருப்பதி
22 ஆகஸ்ட்

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன்.

உங்கள் தம்பிக்குக் கடிதம் எதற்கு? பக்கத்தில்தானே இருக்கிறார். குழந்தை ஐ.சி.யு.வில் இருந்தபோது குளிக்கத் திருச்சானூர் லாட்ஜுக்குப் போனேன். அங்கே வைத்துக் கேட்டேன். "அக்கா சொன்னா கேப்ப. பொண்டாட்டி சொன்னா காதுல ஏறாதா? ஒனக்குக் கண்ணு இல்லியா?" பக்கத்து அறைக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தப்புதான் யாமினி, நான்தான் தப்பு" என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஆறவில்லை. அவர் பங்கு அவருக்கு. அதனால் உங்கள் பங்கு குறையாது.

ஆபரேஷன் முடிந்து ஐந்து நாளும் துணி வெள்ளைதான். ஆறாம் நாள் காலையில், இங்கே நர்ஸாக இருக்கும் ரூபா, "இக்கட சூடண்டி!" என்று கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பச்சை. கடைந்த கீரை மாதிரிப் பச்சை. பித்தம் இறங்கிவிட்டது. ரூபா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் துணியை மடிக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்லீரலில் விழுந்த தழும்பு போகாது. காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். சில குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டி வருகிறது. இவள் எந்தப் பக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். "முன்னாடியே வந்திருந்தா நிச்சயமா நல்லா ஆயிருக்குமா?" என்று டாக்டரைக் கேட்டேன். வாய்ப்பு கூடியிருக்கும், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன் என்றார். என் கோபத்துக்கு அந்த உறுதிகூடக் கிடைக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சத்தியவேடு பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மகனுக்கு நூற்றிருபது நாள். இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையைக் கட்டிக்கொண்டே, "எங்க ஊர்லயும் வெயில்ல காட்டத்தான் சொன்னாங்க அக்கா" என்றாள்.

இப்போது கேட்கிறேன். 'மற்ற வீடுகளில் கேட்பேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையா? இருபத்தேழு குழந்தைகள் வரும் நாளிலுமா? என்னிடம் தப்பை ஒப்புக்கொள்வது சுலபம். நான் உங்கள் தம்பி பெண்டாட்டி, என்னால் உங்களை என்ன செய்ய முடியும்? உங்கள் ஆபீசரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போங்கள். துணியைப் பிரித்துப் பாருங்கள். அதன் பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

யாமினி


புளியங்கொல்லை
4 செப்டம்பர்

யாமினிக்கு,

போனேன்.

முதலில் மெடிக்கல் ஆபீசர் நரசிம்மன் சாரிடம் போனேன். பார்க்காமலே டிக் போட்டேன் என்று சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாரும் கேக்கலியேம்மா, நீயா வந்து ஏன் சொல்ற?" என்றார். "என் தம்பி பொண்டாட்டி கேட்டா சார்" என்றேன். மெமோ கொடுத்தார். மாதக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் படித்தார்கள். மற்ற நர்ஸ்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. தங்கள் தங்கள் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வீடுகள். ஐந்து ஊரில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் முப்பத்தொன்று. மற்ற வீடுகளில் கேட்பேன் என்று நான் எழுதியது பாதி பொய். பதினொரு வீட்டில், "இத நீங்க எப்பவும் கேட்டதே இல்லியே" என்றார்கள்.

கிருஷ்ணம்மா வீட்டில் பேரன் பிறந்து நாற்பது நாள். "ஒங்க வூட்டுக் கொழந்தயப் பாக்கத் துப்பில்ல, எங்க வூட்டுத் துணியப் பிரிக்க வந்துட்டியா?" என்றாள். கேட்டைத் திறக்கவில்லை. முன்பென்றால் வந்த கோபத்தில் அப்படியே திரும்பியிருப்பேன். "துணியக் காட்டற வரைக்கும் போவ மாட்டேன். வெயில் எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் அவள் மருமகள் பின்பக்கமாகச் சுற்றி வந்து, காம்பவுண்டுச் சுவர் மேல் துணியை விரித்துக் காட்டினாள். நல்ல மஞ்சள்.

முப்பத்தொன்றும் மஞ்சள்தான் யாமினி. ஒன்றுகூட வெள்ளை இல்லை.

இனி எழுதப் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது. கடைசி வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது புரிந்தது. நான் வெள்ளைத் துணியைத் தேடித்தான் போயிருக்கிறேன். ஒரே ஒரு குழந்தை கிடைத்தால் அதைக் காப்பாற்றி, தூக்கி வந்து உன் முன்னால் வைக்கலாம், நீ என்னைப் பார்த்துப் பேசுவாய் என்று. நான் தலை நிமிர, இன்னொருத்தி வயிறு எரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இதற்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பிரேமா


திருப்பதி
13 செப்டம்பர்

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை உங்கள் தம்பிக்குக் காட்டவில்லை. எனக்கு எழுதியது என்னிடமே இருக்கட்டும்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சத்தியவேட்டுப் பெண் பையைக் கட்டியபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. 'அப்பாடா, நாங்கள் நூற்றிருபது நாள் இல்லை' என்பதுதான். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பையைப் பிடித்துக்கொடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபதாம் நாளிலிருந்து அறுபத்திரண்டாம் நாள் வரை சித்தூர் பஸ் தினமும் நம் ஊர் வழியாகத்தான் போயிற்று. அரை மணி நேரப் பயணம். ஏறியிருக்கலாம். யாரும் என் காலைக் கட்டி வைக்கவில்லை. உங்களைத் திட்டும்போது எனக்கு அந்த பஸ்ஸின் சத்தம் கேட்பதில்லை. நிறுத்தினால் கேட்கிறது. அதனால்தான் இத்தனை பக்கம் திட்டினேனோ என்னவோ. ஆனால் திட்டியதில் ஒரு வரியையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறோம். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. ரத்தத்திலும் குறைகிறது என்கிறார்கள். வாரம் ஒரு முறை எடை, வயிற்றுச் சுற்றளவு, காய்ச்சல், மூத்திரம், மலம் எல்லாவற்றையும் ஊர் நர்ஸ் பார்த்து இங்கே எழுதி அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "வேற சென்டருக்கு மாத்தி எழுதச் சொல்லட்டுமா?" என்று ரூபா கேட்டாள். நடந்தது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். பாசத்தினால் இல்லை. ஒரு துணிக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கும் நர்ஸ் எனக்கு வேறு எங்கே கிடைப்பாள்?

என் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்று கேட்காதீர்கள். அத்தை என்று கொஞ்சிக்கொண்டு வராதீர்கள். நர்ஸாக வாருங்கள். எல்லாக் கேள்வியையும் கேளுங்கள். நான் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த நிமிஷமே நான் பஸ் ஏறிவிடுவேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். இவளுக்குக் கிருமி ஒட்டக் கூடாது. உள்ளே வருவதற்கு முன்னால் முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள். சோப்பும் தண்ணீரும் வாசலில் வைத்திருப்பேன்.

யாமினி